குடும்ப உளச்சிகிச்சையாளர் பதிவு: தமிழ்நாட்டில் உரிம அமைப்புகளும் அவற்றின் ஆளுகையும்

குடும்ப உளச்சிகிச்சை என்பது, ஒருவருடைய மனத்துயரின் காரணத்தை அவருக்குள் மட்டும் தேடாமல், கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், மாமியார் மருமகள் என அவரைச் சூழ்ந்துள்ள உறவுகளிலும் தேடி, சம்பந்தப்பட்டவர்களை ஒன்றாக அமர்த்திப் பேசித் தீர்வு காணும் சிகிச்சை முறையாகும். இத்தொழிலுக்கு அரசு உரிமம் தேவை என்ற சட்டத்தை அமெரிக்க மாநிலங்களுள் முதலாவதாகக் கலிபோர்னியா 1963இல் இயற்றியது. இந்தியாவில் இதற்கெனத் தனி வாரியம் எந்த மாநிலத்திலும் இல்லை. தமிழ்நாட்டில் இதனை ஒத்த அதிகாரம், வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நோக்கங்களுக்காக உருவான பல அமைப்புகளிடம் பிரிந்து கிடக்கிறது.

தொழில் செய்வோரைப் பதிவேட்டில் சேர்த்து, தவறினால் பெயரை நீக்கும் முறை, சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டத்தோடு தொடங்கியது. செவிலியருக்கும் மகப்பேறு உதவியாளருக்கும் 1926இல் தனிச் சட்டம் வந்தது. பேச்சிப்பாறை உள்ளிட்ட இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தமையால் இச்சட்டங்களுக்கு உட்படவில்லை. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் 1953இல் தனக்கென ஒரு மருத்துவர் சட்டம் இயற்றியது. 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின், மருத்துவரைப் பதிவுசெய்யும் அதிகாரமும் சென்னையின் கைக்கு மாறியது.

குடும்பநல ஆலோசனை இந்த மருத்துவ வழியில் வளரவில்லை. துர்காபாய் தேஷ்முக் தலைமையில் 1953இல் அமைந்த மத்திய சமூகநல வாரியம், 1983 முதல் தொண்டு நிறுவனங்களுக்கு நிதியளித்துக் குடும்ப ஆலோசனை மையங்களை நடத்தச் செய்தது. அடுத்த ஆண்டு நிறைவேறிய குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆலோசகர்களின் எண்ணிக்கையையும் வகையையும் தீர்மானிக்கும் பொறுப்பை மாநில அரசுக்கு அளித்தது. மணமுறிவு கோரி வரும் தம்பதியர் நீதிபதியின் முன் வாதாடுமுன் இந்த ஆலோசகர் முன் அமர வேண்டியிருக்கும்; ஆயினும் அவர் எந்தத் தொழில்முறைப் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்று அச்சட்டம் கேட்கவில்லை. அவருக்கு அதிகாரம் தருவது நியமன ஆணையே ஒழிய உரிமமன்று.

உரிமம் என்று முழுமையாகச் சொல்லத்தக்கது முதலில் வந்தது எதிர்பாராத ஒரு திசையிலிருந்து. மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுப் பணியாளருக்கான பயிற்சியை ஒழுங்குபடுத்த 1986இல் சங்கமாகத் தொடங்கிய இந்திய மறுவாழ்வு மன்றம், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டப்பூர்வ அமைப்பாகி, மருத்துவ உளவியலாளரையும் தன் மத்தியப் பதிவேட்டில் சேர்த்தது. பதிவின்றித் தொழில் செய்வோருக்கு ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இம்மன்றத்தின் தலைவரை மத்திய அரசே நியமிக்கிறது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட பிறகு, மனநலத்துறையை யார் கண்காணிப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஆளுகை வடிவில் இவ்வரிசையிலேயே துணிச்சலானது எனலாம். அதன்கீழ் அமையும் மாநில மனநல ஆணையத்துக்குச் சுகாதாரத்துறைச் செயலர் தலைவராவார். பிற துறை அதிகாரிகள், மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர் ஆகியோருடன், மனநோய்க்கு ஆளானவர்கள் சார்பில் இருவர், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார் சார்பில் இருவர், தொண்டு நிறுவனங்கள் சார்பில் இருவர் இடம்பெற வேண்டும். ஆணையம் ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். மனநல நிலையங்களைப் பதிவுசெய்வதோடு, மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரைப் பதிந்து பட்டியலை வெளியிடுவதும் அதன் கடமை. சிகிச்சை பெறுபவரே சிகிச்சையாளரின் பதிவேட்டை மேற்பார்க்கும் அவையில் அமர்வது இந்தியத் தொழில்முறைச் சட்டங்களில் அரிது.

இந்த முன்னேற்றத்தை 2021ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம் தொடரவில்லை. பத்துத் தொழில் வகைகளை உள்ளடக்கிய இச்சட்டத்தின்படி அமையும் மாநில மன்றத்தில், துறையில் நீண்ட அனுபவமுள்ள தலைவர், மாநில அரசின் மருத்துவத்துறைப் பிரதிநிதி ஒருவர், மருத்துவக் கல்லூரிகள் சார்பில் இருவர், அறநிறுவனங்கள் சார்பில் இருவர், வகைக்கு இருவராகத் தொழிலர் ஆகியோர் இருப்பர். தொழிலரும் தேர்தலில் வருவதில்லை. மாநில அரசு நியமிக்கிறது. இளநிலைக் கல்வி, முதுநிலைக் கல்வி, மதிப்பீடு, ஒழுக்கநெறியும் பதிவும் என நான்கு தன்னாட்சி வாரியங்கள் மன்றத்தின்கீழ் இயங்கும். பதிவின்றித் தொழில் செய்தால் அபராதம் 50,000 ரூபாய். சேவை பெறுவோருக்கென ஓரிடமும் ஒதுக்கப்படவில்லை. தொழிலில் ஈடுபட்டிருப்போரே பெரும்பான்மையாக அமைந்த உரிம வாரியம் மாநில அரசின் முனைப்பான கண்காணிப்பின்றிப் போட்டிச் சட்ட விலக்குப் பெறாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015இல் வட கரோலினா பல்மருத்துவ வாரிய வழக்கில் தீர்ப்பளித்திருந்ததை எண்ணினால், தொழிலரே பெரும்பான்மையாக உள்ள இம்மன்றத்தில் இந்த விடுபடல் சிறியதன்று.

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, நடத்தை நலத் தொழிலர் என்ற தலைப்பில், மறுவாழ்வு மன்றத்துக்கு உட்பட்ட மருத்துவ உளவியலாளரை விலக்கி, ஏனைய உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர் ஆகியோரைச் சேர்க்கிறது. குடும்ப உளச்சிகிச்சையாளர் என்ற பெயர் அதில் இல்லை. மனநலச் சமூகப் பணியாளரோ 2017, 2021 ஆகிய இரு சட்டங்களின் எல்லைக்குள்ளும் வருகிறார். பல மாநிலங்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மன்றம் அமைக்காமலும், அமைத்தவை செயல்படாமலும் இருந்ததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதற்கு அவ்வாண்டு அக்டோபர் 12ஆம் தேதியைக் கெடுவாக விதித்தது.

பேச்சிப்பாறையில் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், தம் குடும்பப் பூசலுக்கு அணுகும் ஆலோசகரின் தகுதியை அறிய விரும்பினால், முதலில் பெயர்ப்பலகையில் உள்ள பட்டத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றிருந்தால் மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண்ணைக் கேட்கலாம். மனநலச் சமூகப் பணியாளர் என்றால் மாநில மனநல ஆணையத்தின் பட்டியலைத் தேடலாம். குடும்பநல ஆலோசகர் என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தப் பதிவேட்டைக் கேட்பது என்பதற்கு இச்சட்டங்கள் எதிலும் நேரான விடை கிடையாது.