பெருங்களத்தூர் ஹெரால்டும் ஒரு காந்தமும்

நம் பார்க்கிங்கில் கவர் போட்டு மூடி வைத்திருக்கும் பழைய கார் உங்களுடையதா? அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்றால், நம் மாவட்டத்திலேயே பிறந்த வண்டி. வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961-இல் ஹெரால்டைத் தயாரிக்கத் தொடங்கியது. 1980-களின் இறுதியில் ஆலையே மூடப்பட்டது.

ஹெரால்டின் பானெட் தனி ரகம்: மட்கார்டு, ஹெட்லைட்டோடு மொத்தமாக முன்பக்கம் கவிழும். கம்பெனியில் அது இரும்புத் தகட்டில்தான் வந்தது. கடற்காற்றில் துரு ஏறினால், புதியது வாங்க வழியில்லாமல் சிலர் ஃபைபரில் வார்த்து மாட்டிவிடுவார்கள். மாமல்லபுரம் கரையில் நிற்கும் ஃபைபர் படகுகளின் அதே கண்ணாடி இழைதான்.

உங்களுடையது எது? துணி சுற்றிய சிறு காந்தத்தைப் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒட்டாவிட்டால் அங்கே பட்டி பூசியிருக்கலாம். எங்குமே ஒட்டாவிட்டால் ஃபைபர். தட்டினால் இரும்பு கணீரென்னும், ஃபைபர் மந்தமாக ஒலிக்கும். பானெட்டைத் திறந்து உட்புறத்தைத் தடவினால் இழைகள் சொரசொரப்பாகத் தெரியும். இரும்பில் வெல்டிங் புள்ளிகள் இருக்கும்.

ஃபைபர் மாட்டியது குற்றமில்லை. விற்கும்போது மறைப்பதுதான் தவறு. கழற்றிய துருப்பிடித்த பானெட்டை மட்டும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். நல்ல டிங்கர் கையில் அது மறுபடி எழும். இனி அதைச் செய்து தர பெருங்களத்தூரில் ஆலை இல்லை.