துதிக்கை லை

மூலக்குளத்து வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய ‘எழுத்து’ இதழ் ஒன்றைப் பேரனிடம் கொடுத்தேன். முதல் பத்தியிலேயே நின்றுவிட்டான். துதிக்கை தூக்கிய லையை அவன் எழுத்தாகவே கொள்ளவில்லை. அதே பத்தியை நான் தடையின்றி வாசித்திருந்தேன். அவன் சொன்ன பிறகுதான் அது பழைய எழுத்து என்பதே எனக்கு உறைத்தது.

பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட மாற்றங்களில் பதிமூன்று எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. புதுவை வேறு ஆட்சிதான், பாடப்புத்தகம் அப்போது சென்னையுடையதாக இருந்தது. அச்சுக்கோப்பவனுக்கும் தட்டச்சுக்கும் எழுத்து குறையும் என்பது பெரிய வாதம். வாசகன் கண் எதைப் பற்றிக்கொண்டு நகர்கிறது என்பது வேறு கேள்வி.

ஏட்டுக்காலத்தில் அது கேள்வியே அல்ல. பெரும்பாலும் புள்ளி இல்லை, சொல்லிடைவெளி இல்லை, ரகரமும் காலும் ஒன்றுபோல. ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கீறியிருந்தால் கொ, கோ, கெர, கேர, கெர், கேர் எதுவும் ஆகலாம். ஏகார ஓகாரங்களைக் குறியிட்டுப் பிரித்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர். சொல்லை முன்பே அறிந்தவனுக்குத்தான் எழுத்து புலப்பட்டது. மரபு அறுந்த நூலில் இந்த வித்தை செல்லாது. 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்த உ.வே.சா. பட்ட பாடு பாதி இதுதான்.

பாரிசில் கண் மருத்துவர் ழவாலின் ஆய்வுக்கூடத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாசிக்கும் கண் வழுக்கிச் செல்லாமல் தத்திச் செல்வதைக் கண்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் லைப்சிக்கில் கேட்டல், தனியெழுத்தை அறியும் விரைவிலேயே முழுச் சொல்லையும் அறிகிறோம் என்றார். இதை வைத்து, சொல்லின் புறவடிவமே போதும் என்று பலர் நம்பினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. எழுத்துகளை ஒருசேர அறிகிறோம். தெரிந்த சொல் ஒவ்வோர் எழுத்துக்கும் கைகொடுக்கிறது. ஏடு படித்தவன் செய்ததும் இதையேதான், கொஞ்சம் கூடுதலாக.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ‘தலை’, ‘கவலை’ வந்ததும் லை தானாகப் பிடிபட்டது. ணாவும் னாவும்தான் படுத்தின. ‘ஆனால்’ நாலைந்து முறை வந்த பிறகே னா அடங்கியது. பெயர்ச்சொற்களில் இன்னும் தடுமாறுகிறான். அங்கே கைகொடுக்க அவனுக்குத் தெரிந்த சொல் இல்லை.

நமக்குக் கவலை வேறு. ‘மணிக்கொடி’ தொடங்கி ‘கசடதபற’ வரை நம் முன்னோர் பிழைத்திருப்பது அந்தப் பழைய அச்சில். பேர்பெற்ற கதைகள் புது எழுத்தில் வந்துவிட்டன. தலையங்கம், சண்டை, மதிப்புரை, வாசகர் கடிதம் ஆகியவற்றில் பெரும்பகுதி வரவில்லை. நம் விமர்சனம் வளர்ந்ததோ அந்தப் பக்கங்களில்தான். பையன் இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கடிதத்தில் நிற்கிறான். எழுதியவர் பெயரில் ஒரு ணா.