ஓரியின் அம்பும் பகடையும்

கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு 152-இல் வன்பரணர் பாடுகிறார். பாட்டுக்குச் சரி; விளையாட்டுக்கு உதவாது.

1974-இல் அமெரிக்காவில் கைகாக்ஸும் ஆர்னெஸனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில், மேஜையைச் சுற்றி ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். கதையை நடத்த ஒரு நடுவர். எய்த அம்பு பட்டதா என்பதைப் பகடை சொல்லும். தவறாத அம்பை நடுவர் யாருக்காவது கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கொட்டாவிதான். முடிவை முன்பே எழுதிவைத்து ஆடுபவர்களை அதை நோக்கித் தள்ளினாலும் அதே கதி. நம் நாவலாசிரியர்கள் சிலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்ததை அகநானூறு 209 சொல்கிறது. சரித்திரத்தில் அது முடிந்த விஷயம். மேஜையில், காரியின் படை மலையேறும்போது, ஓரியாக உட்கார்ந்திருப்பவன் பாதையை மறிக்கலாம், சேரனிடம் பேரம் பேசலாம், தோற்றும் போகலாம்.