ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதித் தேர்தல், 1952

சென்னை மாநில முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா தோல்வியுற்ற சட்டமன்றத் தேர்தல் இது. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த முதல் பொதுத்தேர்தலை ஒட்டி, 1952 ஜனவரியில் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அன்று இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. ராஜாவின் சொந்த ஊரான இராஜபாளையம் பக்கத்து ஊர்தான்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரை அடுத்து 1949 ஏப்ரலில் ராஜா மாகாணப் பிரதமரானார். குடியரசானதும் அப்பதவியின் பெயர் முதலமைச்சர் என மாறியது. 

1946 தேர்தல் வரை சொத்தோ கல்வியோ உள்ளவருக்கும் வரி செலுத்தியவருக்குமே ஓட்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களிலும் தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கியே வைத்திருந்தன. இங்கே 1952-இல் அத்தகைய தடைகள் நீங்கின. எழுதப் படிக்கத் தெரியாதவரை மனத்தில் கொண்டு, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் குறியிட வேண்டியதில்லை; விரும்பிய பெட்டியில் போட்டால் போதும். ராஜாவின் கட்சியான காங்கிரசின் பெட்டியில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை. ரேஷன் அரிசிக்கு அலைந்தவர்கள் அந்தக் காளையைக் கண்டு மனம் இளகவில்லை. உணவுத் தட்டுப்பாடும் மூத்த தலைவர் பிரகாசம் முதலியோர் காங்கிரசிலிருந்து விலகியதால் கட்சிக்குள் விழுந்த பிளவும் சேர்ந்து அடித்தன.

மாநிலம் முழுவதும் அதே காற்றுதான். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152, கம்யூனிஸ்டுகளுக்கு 62. அமைச்சர்கள் பக்தவத்சலம், கோபால ரெட்டி, கலா வெங்கட ராவ் ஆகியோரும் தோற்றனர். தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்து, 1952 ஏப்ரலில் முதலமைச்சராக்கினார். மக்கள் தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போன வழி அது.

அமெரிக்காவில் ஆளுநரை வாக்காளரே தேர்ந்தெடுப்பர். இங்கே அது நியமனப் பதவி. சொந்த ஊர்ப்பக்கத்தில் ஓட்டு கிடைக்காத ராஜா 1954-இல் ஒரிசா ஆளுநரானார். 1956 வரை அப்பதவியில் இருந்தார். 1957-இல் மறைந்தார். இராஜபாளையத்தில் அவர் கொடையாக அளித்த வீட்டில் காந்தி கலை மன்றம் அமைந்தது.