ஆனைமலை வனம் வளர்த்த ஹியூகோ வுட்

குஷாய்குடாவில் குடியேறிய நம்முள் பொள்ளாச்சிப் பக்கத்தார் சிலர் உளர். அவர்கள் 'டாப் ஸ்லிப்' என்னும் பெயரை நன்கு அறிவர். மலைமுகட்டிலிருந்து தேக்குமரங்களைச் சமவெளிக்குச் சறுக்கி விட்டமையால் எழுந்த பெயர் அது. கப்பலுக்கும் இருப்புப்பாதைக் கட்டைகளுக்குமாகக் காடு மொட்டையாகி வந்த நிலையில், முதல் உலகப்போர்க் காலத்தில் ஹியூகோ வுட் என்னும் வனத்துறை அதிகாரி அங்கு வந்தார்.

வெட்டுவதை அவர் நிறுத்தவில்லை. அரசுக்கு மரம் வேண்டும் அல்லவா? ஆயின் வேரைப் பறிக்காது, அடிக்கட்டையை நிலத்தோடொட்டி விட்டு, அதிலிருந்து துளிர் கிளம்ப வழி செய்தார். சட்டைப்பையில் தேக்கு விதைகளுடன் நடப்பார். கைத்தடியால் மண்ணைக் குத்தி ஒவ்வொன்றாக ஊன்றுவார் என்பர். உடனுழைத்த காடர், மலசர் மக்களின் பெயர்களோ ஏடுகளில் அரிதாகவே காணப்படும். இது நமக்கு ஒரு குறையே.

1933-இல் மறைந்த வுட், தம் விருப்பப்படியே அம்மரங்களிடையே அடக்கம் செய்யப்பெற்றார். அக்காடு 1976-இல் சரணாலயமாகவும், 2007-இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. மரம் இழுக்கும் வேலை ஓய்ந்துவிட்டது. கோழிக்கமுத்தி முகாமில் மலசர் பாகர்கள் இன்றும் யானைகளைப் பேணி வருகின்றனர்.