ஆளா, ஆவணமா?

அரசின் மறைபொருளை வெளியிடுபவரை நாட்டின் பகைவர் என்று ஒரு சாராரும், வாய்மையின் காவலர் என்று மற்றொரு சாராரும் கூறுவது வரலாற்றில் காணப்படும் வழக்கமாகும். இவ்விரு கூற்றுகளுக்கிடையே அவர் வெளியிட்ட செய்தியே மறைந்துபோவதும் உண்டு. அமெரிக்கரான டேனியல் எல்ஸ்பர்க்கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்கத் தற்காப்புச் செயலாளர் ராபர்ட் மெக்னமாரா, வியட்னாமில் தம் நாடு ஈடுபட்ட வரலாற்றை ஆராயுமாறு பணித்தார். ஏறத்தாழ 7,000 பக்கங்கள் கொண்ட 47 தொகுதிகள் உருவாகி, மறைவாக வைக்கப்பட்டன. ஆய்வில் பங்குகொண்ட எல்ஸ்பர்க், ஆட்சியாளர் உள்ளத்தில் அறிந்தது ஒன்று, மக்களிடம் உரைத்தது வேறொன்று எனக் கண்டார். 1969 அக்டோபர் முதல் அவற்றை இரவு நேரங்களில் படியெடுத்தார்.

1971 ஜூன் 13ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவற்றை வெளியிடத் தொடங்கியது. கொடுத்தவர் பெயரை அது கூறவில்லை, ஆவணமே பேசியது. சில நாள்களில் வேறொரு செய்தியாளர் அவர் பெயரை வானொலியில் அறிவித்தார். பின்னர் ஏடுகளின் பார்வை ஆளை நோக்கியும் திரும்பியது. ஜூலை 5ஆம் நாளிட்ட டைம் வார இதழ் எல்ஸ்பர்க்கின் முகத்தை அட்டையில் தாங்கி வந்தது. முன்னர்ப் போரை ஆதரித்தவர், பின்னர் மனம் மாறியவர் என அவர் கதை விரிந்தது.

ஆவணம் பொய்யென அரசு வாதிடவில்லை. வெளியிடுதல் நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு என்றே வாதிட்டது. ஜூன் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் நாளேடுகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அன்றே அதிபர் நிக்சன், எல்ஸ்பர்க்கை நாளேடுகளின் வழியாகவே குற்றவாளியாக்க வேண்டுமெனக் கூறியது ஒலிநாடாவில் பதிவாகியுள்ளது. செப்டம்பரில் வெள்ளை மாளிகை அமர்த்திய ஆள்கள், எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவரது அலுவலகத்துள் இரவில் புகுந்து, அவரை இழிவுபடுத்தும் செய்தி தேடினர். இச்செயலும் ஒட்டுக்கேட்டலும் வெளிப்பட்டதனால், 115 ஆண்டுகள் வரை சிறைக்கு உரியதாயிருந்த வழக்கு 1973 மே 11ஆம் நாள் தள்ளுபடியாயிற்று.

அவ்வறிக்கையை அரசே 2011இல் முழுமையாக வெளியிட்டது. எல்ஸ்பர்க் 2023இல் மறைந்தார். அவர் நல்லவரா, தீயவரா என்னும் வழக்கு இன்னும் நீளலாம். ஆவணம் மெய்யா, பொய்யா என்னும் வினாவுக்கோ அன்றே விடை இருந்தது. நாளேட்டைக் கையிலெடுக்கும் மாணவர் முதற்கண் கேட்கவேண்டியது இந்த வினாவையே ஆகும்.