இரவல் குரலும் சொந்த நாணயமும்

வாணிகம் தோன்றிய நாளிலேயே விளம்பரமும் தோன்றிவிட்டது எனலாம். பண்டம் இருப்பதை நாலு பேர் அறிந்தாலன்றி அது விலை போவதில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. இன்ன இடத்தில் இன்னது கிடைக்கும் என்று தொலைவிலிருந்தே உணர்த்திய கடைக் கொடிகள் அக்காலத்து விளம்பரப் பலகைகள். அதே நூல், வாங்கும்போதும் விற்கும்போதும் அளவில் வஞ்சனை செய்யாத வணிகரையும் நமக்குக் காட்டுகிறது. கொடி ஒன்று, நேர்மை மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள உறவே வாணிகத்தின் வரலாறு. அவ்வரலாற்றில் அண்மையில் தோன்றிய சமூக ஊடகம் என்னும் அத்தியாயத்தை ஐதராபாத் நகரைக் கொண்டு ஆராய்வோம்.

1591-இல் சார்மினாரை நடுவே வைத்து எழுந்த நகரம் இது. சார்மினாரின் அருகே லாட் பஜாரில் வளையல் கடைக்காரர்கள் வாசலில் நின்று, போவோர் வருவோரை இன்மொழி கூறி அழைப்பதை இன்றும் காண்கிறோம். அங்கே குரலும் சரக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அழைத்தவர் முகம் தெரியும். வளையலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம்.

குரல் கடையை விட்டு வெகுதூரம் செல்லத் தொடங்கியது வானொலியின் காலத்தில். ஐதராபாத்தில் 1933-இல் தனியார் முயற்சியாகத் தொடங்கிய வானொலி நிலையத்தை 1935-இல் நிஜாம் அரசு ஏற்றது. தக்காண வானொலி எனப்பட்ட அது 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. ஆயினும் அகில இந்திய வானொலியில் வணிக விளம்பரங்கள் 1967-இல் தான் ஒலிக்கத் தொடங்கின. அதற்கு முன்பே இலங்கை வானொலி நம் வீடுகளுக்குள் பற்பசையின் பெயரையும் சோப்பின் பெயரையும் கொண்டுவந்து சேர்த்திருந்தது. பத்திரிகை, வானொலி இரண்டுமே செல்வமுள்ள நிறுவனங்களுக்குத் துணை நின்றன. தெருமுனையில் அடை சுடும் அம்மையாருக்கு அவை எட்டாக் கனிகள்.

அத்தகையோருக்கு இருந்த ஒரே விளம்பரம் வாய்மொழிதான். அதன் வலிமை சிறியதன்று. தேசப் பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்த கான்சந்த் ராம்னானி என்பவர் 1953-இல் மொசம்ஜாகி மார்க்கெட் பகுதியில் கராச்சி பேக்கரியைத் தொடங்கினார். அங்குச் செய்த பழ பிஸ்கட்டுகளை ஊர் திரும்பியோர் உறவினருக்கென்று பெட்டி பெட்டியாக வாங்கிச் சென்றனர். பயணிகளின் பைகளே அக்கடையின் விளம்பரமாயின. புலம்பெயர்ந்து வந்த ஒருவரின் பெயர் இவ்விதம் ஊர் ஊராகப் பரவியது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்த ஆண்டுகளை நாட்களாகக் குறுக்கியதே சமூக ஊடகம். இதிலும் ஐதராபாத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. 1998-இல் ஹைடெக் சிட்டியின் முதற் கட்டடம் திறக்கப்பட்டது. 2010-இல் பேஸ்புக் நிறுவனம் இந்தியாவில் தனது முதல் அலுவலகத்தை இந்நகரிலேயே அமைத்தது. அந்நிறுவனம் 2007-லேயே கடைகளுக்கும் தொழில்களுக்கும் தனிப் பக்கங்களை வழங்கியிருந்தது. 2018-இல் சிறு வணிகருக்கென வாட்ஸ்அப் தனிச் செயலி ஒன்றை வெளியிட்டது. கையில் ஒரு கைபேசி இருந்தால் போதும். விலைப் பட்டியலும் சரக்கின் படமும் வாடிக்கையாளர் உள்ளங்கைக்குப் போய்விடும்.

இக்கருவியின் உள்ளியக்கத்தை நாம் அறிந்திருத்தல் நலம். நாம் இடும் படம் நம்மைப் பின்தொடரும் அனைவருக்கும் சென்று சேர்வதில்லை. எவர் எதைப் பார்த்தார், எதில் எவ்வளவு நேரம் நின்றார், எதைப் பிறருக்கு அனுப்பினார் என்பவற்றைக் கணினி கணக்கிட்டு, எதை யாருக்குக் காட்டுவது என்று அதுவே தீர்மானிக்கிறது. பணம் செலுத்தினால், இன்ன ஊரில், இன்ன வயதில், இன்ன மொழி அறிந்தோருக்குக் காட்டு என்றும் சொல்லலாம். செகந்தராபாத்தில் அப்பளம் இடும் ஒரு தமிழ்க் குடும்பம், பத்து மைல் சுற்றளவில் வாழும் தமிழரை மட்டும் தேடி அழைக்க முடிகிறது. கன்டோன்மென்ட் உருவான நாள் முதல், சென்னைப் படையோடும் அதற்குப் பண்டம் வழங்கியோரோடும் வந்து தங்கிய நம்மவருக்கு இது பெரும் வாய்ப்பே.

ஆனால் இக்குரலுக்கு உரியவர் நாமல்லர் என்பதை மறத்தலாகாது. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாதாப்பூரில் நிகழ்ந்ததை நினைவுகூர்வோம். சாலையோரத்தில் சோறும் கறியும் விற்றுவந்த, குமாரி ஆன்ட்டி என்று மக்கள் அழைத்த ஓர் அம்மையாரின் கடையை உணவுப் பிரியர்கள் சிலர் படம் பிடித்து இணையத்தில் இட்டனர். கூடுதலாகப் பரிமாறிய ஈரலுக்கு அவர் கணக்குச் சொன்ன பேச்சு ஒன்று வேடிக்கையாக ஊரெங்கும் பரவியது. கூட்டம் திரண்டது; போக்குவரத்து தடைப்பட்டது; ஜனவரி இறுதியில் காவல்துறை கடையை அகற்றச் சொன்னது. செய்தி அதே ஊடகங்களின் வழியே மீண்டும் பரவ, முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி தலையிட்டு, அதே இடத்தில் கடையை நடத்த வழி செய்தார். அவரை உயர்த்தியதும், அவர் பிழைப்பை ஆட்டங்காண வைத்ததும், மீட்டதும் ஒரே குரல். மூன்று முறையும் அக்குரல் அவருடையதன்று.

வேறு இரு நிகழ்ச்சிகளும் இதையே உணர்த்தின. 2020 ஜூன் மாதத்தில் டிக்டாக் செயலியை மத்திய அரசு தடை செய்தபோது, அதை நம்பித் தொழில் வளர்த்தோர் தம் இரசிகர் கூட்டம் முழுவதையும் ஓரிரவில் இழந்தனர். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அவற்றின் வழியாக மட்டுமே வாணிகம் செய்தோர் தம் வாடிக்கையாளரை அழைக்க வழியின்றி நின்றனர். பிறர் வீட்டுத் திண்ணையில் கடை விரித்தவர் கதவு சாத்தப்படும் நேரத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

இனி நேர்மைக்கு வருவோம். பணம் பெற்றுக்கொண்டு, தாமாகவே விரும்பிப் புகழ்வதுபோல் நடிப்பவர்கள் பெருகினர். 1985-இல் தோன்றிய இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் 2021-இல் விதிகள் வகுத்து, கூலி பெற்ற புகழ்ச்சியை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்றது. இணையத்தில் வாடிக்கையாளர் மதிப்புரைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஒரு தரம் வகுத்தது. இந்த விதிகளெல்லாம் சொல்வது ஒன்றே. லாட் பஜாரில் அழைத்தவர் முகம் தெரிந்தது. இங்கும் அழைப்பவர் யார், ஏன் அழைக்கிறார் என்பது தெரிய வேண்டும்.

ஆகவே வெளிமாநிலங்களில் தொழில் நடத்தும் நம்மவர் என் செய்வது? ஊடகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் நம் கொடியை உயரவே பறக்க விடுவோம். படத்தோடு எடையையும் விலையையும் செய்த தேதியையும் எழுதுவோம். உணவுப் பண்டமாயின் உரிய பதிவு பெற்று அதன் எண்ணையும் தருவோம். குறை கூறியவரை வசைபாடாமல் நல்ல விடை அளிப்போம். அவ்விடையை வாங்க வருவோர் பலரும் படிக்கின்றனர். நம் கூட்டத்துக்குத் தாங்கும் அளவு சரக்கையே வாக்களிப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும், அவர் இசைவோடு, நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைப்போம். செயலி முடங்கினாலும் அப்புத்தகம் முடங்காது.

நாணயம் என்னும் சொல் தமிழில் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும். முதலாவது நாணயம் நம் கைக்கு வர, ஊடகம் தன் குரலை இரவல் தரும். அது வந்த வழியே மீண்டும் வர, இரண்டாவது நாணயம் நம்மிடமே இருத்தல் வேண்டும்.